மேல் காட்டு வாசனை

அத்தியாயம் 9

துப்பறிகிறவருக்கு மூக்கு கூர்மையாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் தெருத் துப்பறிவாளருக்கு அது ஒழுகிக்கொண்டிருக்கும்.

பைன் காட்டையும் அதன் பிசினையும் விட்டால் வேறு பிழைப்பு இல்லாத ஊர் இது. பிசினைக் காய்ச்சுகிற வடிசாலையின் வாசனை ஏறாத துணி எந்தக் கொடியிலும் கிடையாது. இந்த ஊருக்கு, பைன் வாசனை பட்டாலே அடுக்கடுக்காகத் தும்முகிற ஒரு மனிதர் குடிவந்தால் என்ன பெயர் வைப்பார்கள்? தும்மல் என்று வைத்தார்கள். படித்தவர் என்பதால் பின்னால் ஒரு ‘சார்’.

அவருடைய அலுவலகம் எங்கள் எதிர்வீட்டு மாடி. என் சமையலறை ஜன்னலுக்குத் தெரியாமல் அந்தப் படியில் ஒரு பூனைகூட ஏற முடியாது. முதலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காது கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே மாடி ஏறி, “சார், இப்ப வந்துட்டுப் போன ஆளு பொய் சொல்றான். பொண்டாட்டி செத்த துக்கத்துல ரெண்டு வாரமா வெளியவே போகலைங்கறான், முடி வெட்டி ஒருநாள்கூட ஆகலை” என்றேன். அன்றிலிருந்து நான் உதவியாளர். கீழே தெருவில் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று மத்தியானம் அந்தப் படியில் ஏறியவள் தையல்காரி.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தும்மல் சாரின் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைப் பார்த்தாள், இடுப்பில் செருகியிருந்த ஊசியை எடுத்தாள், அவர் “அம்மா, வேண்டாம்” என்பதற்குள் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவாள், அதற்காகத் தைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை. “எவ்ளோ நல்ல மனசு பாருங்க” என்று என்னிடம் சொன்னார். இவர்தான் துப்பறிகிறார்.

“நாளைக்குத் தீர்ப்பு சார்,” என்றாள் தையல்காரி. “இன்னைக்கும் ஜெயிலுக்குப் போனேன். அவரு என்னைப் பார்க்க வரலை. வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

அவளுடைய புருஷன் லாரி ஓட்டுநர். ஊருக்கே தெரிந்த கதையை ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காட்டு மேஸ்திரியை யாரோ மேல் காட்டில் பின்மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். மேல் காடு என்பது மலை முதுகில் இருக்கும் பழைய பைன் தோப்பு. லாரி போகாது, ஆளும் அதிகம் போவதில்லை. கீழ்க் காடு வடிசாலைக்குப் பின்னாலேயே இருக்கிறது, நம் டிரைவர் சரக்கு ஏற்றுவது அங்கேதான். மேஸ்திரி விழுந்து கிடந்த இடத்தில் பிசின் வாளி கவிழ்ந்து சுற்றிலும் ஒரே பிசின். அடித்தவன் சட்டையில் கறை படாமல் தப்பியிருக்க முடியாது என்று போலீஸ் சொன்னது. அதற்கு முந்தின நாள்தான் மேஸ்திரியும் டிரைவரும் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கொலை நடந்த அன்று சாயங்காலம் டிரைவர் சட்டையில் கறையோடு வீடு வந்தார். என்ன கறை என்று போலீஸ் கேட்டதற்கு, “பிசின் கறைங்க, தண்ணில ஊறவச்சேன், போயிடுச்சு” என்று வாக்குமூலம் கொடுத்தவள் இதோ, இந்த மகராசிதான்.

டிரைவர் சொன்ன கதை, வழியில் என்ஜின் சூடாகி நின்றுவிட்டது, ஆற்றோர ரோட்டில் ஒரு மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன் என்பது. எந்த மரம், யார் பார்த்தது என்றால் தெரியாது. எனக்கே அந்தக் கதை பிடிக்கவில்லை. இத்தனைக்கும் நான் மற்றவர்கள் கதையை ரசித்துக் கேட்கிறவள்.

“வக்கீல் என்ன சொல்றாரு?” என்றார் தும்மல் சார்.

“மனசைத் தேத்திக்கங்கன்னு சொல்றாரு.”

“நல்ல வக்கீல்,” என்றேன். “வாதாடறதுக்கு முன்னாடியே துக்கம் கேட்டுட்டாரு.”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. மேலாளர் பார்த்துப் பண்ண ஏற்பாடு.”

வடிசாலை மேலாளரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச முடியாது. எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆளாக நிற்பார், எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில் சாப்பிடுவார். பேச முயன்று தோற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தும்மல் சார் எழுந்தார். “அந்தச் சட்டை ஆய்வுக்கூடத்துக்குப் போச்சு இல்ல? அங்க பைன் சுவடு இருக்குன்னாங்க. ஆனா எந்த பைன்? மேல் காட்டு மரமா, கீழ்க் காட்டு மரமா? அதை யாராவது கேட்டாங்களா?”

“மரத்துக்கு மரம் பிசின் மாறுமா சார்?” என்றாள் தையல்காரி. அவள் கண்ணில் ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“மாறணும்,” என்றார் அவர். “மாறலைன்னா நமக்கு வேற வழி இல்ல.”

*

ஆய்வுக்கூடத்து அம்மாள் தும்மல் சாரோடு கல்லூரியில் கூடப் படித்தவர். அதற்கு மேல் ஏதாவது உண்டா என்று நான் பஸ்ஸில் போகும்போதே பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தும்மினார். உண்டு.

“வாப்பா,” என்றார் அந்த அம்மாள். வெள்ளைக் கோட்டு, கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். “இத்தனை வருஷத்துல ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்ல. இன்னைக்கு வந்திருக்கேன்னா ஏதோ கொலை நடந்திருக்கணும்.”

“நடந்திருக்கு.”

“தெரியும். சட்டை எங்கிட்டதானே வந்தது.”

அறை முழுக்க மூடி போட்ட சின்னச் சின்னக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் பிசின்: ஒன்று தேன், ஒன்று பால், ஒன்று உறைந்துபோன நெய். ஓரத்தில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. தொட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? நான் தொட்ட குடுவையின் வாய் ஒழுகியிருந்தது. விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தேன். பைன் வாசனைதான், ஆனால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அதுவும் கலந்து வந்தது.

“அது மேல் காட்டு மாதிரி,” என்றார் அம்மாள், திரும்பிப் பார்க்காமலே. இந்தப் பெண்மணிக்கு முதுகிலும் கண் இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

“பிசின்ல என்னதான் இருக்கு?” என்றார் தும்மல் சார். “எங்க உதவியாளருக்குப் புரியற மாதிரி சொல்லு.”

அவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

“ரெண்டு பங்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு, பறக்கற பங்கு. இன்னொண்ணு, உட்கார்ந்திருக்கற பங்கு. காய்ச்சினா பறக்கறதைப் பிடிச்சு பாட்டில்ல அடைக்கறாங்களே, அது டர்பன்டைன். பைனீன், கேரீன், லிமோனீன்னு அதுக்குள்ள ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கு. அடியில தங்கற கட்டி, ரோசனம். அது முக்கால்வாசியும் அமிலம். பெரிய பங்கு அதுதான். அது பறக்காது. ஒட்டினா ஒட்டினதுதான்.”

“எங்க நாத்தனார் மாதிரி,” என்றேன்.

“மரத்துக்கு மரம் மாறுமா?” தும்மல் சார் விடவில்லை.

“பறக்கற பங்கு நல்லாவே மாறும். பெத்தவங்களைப் பொறுத்தது. மூக்கு அப்பா மாதிரி, வாய் அம்மா மாதிரின்னு சொல்றோமில்ல? மரத்துக்கு அது வாசனையில இருக்கு. கீழ்க் காடு பூரா ஒரே விதைத் தோட்டத்துலேருந்து வந்த மரங்க. மேல் காடு அதுக்கு ரொம்ப முன்னாடியே வேற எங்கேயோ இருந்து வந்த விதை. அதுல லிமோனீன் ஜாஸ்தி. உங்க கையில ஆரஞ்சு மணக்குதே, அதான்.”

“அப்போ விதைதான் எல்லாமே?”

“எல்லாம் இல்ல. வயசு இருக்கு. வெயில் காலத்துல ஒண்ணு, குளிர்ல ஒண்ணு. தண்ணி இல்லாம வாடினா மாறும். வண்டு துளைச்சா, பூஞ்சை பிடிச்சா மரமே கலவையை மாத்திக்கும். வெட்டின இடத்துல சீக்கிரம் ஒழுகட்டும்னு அமிலப் பசை தடவறாங்களே, அதுவும் கொஞ்சம் மாத்தும். ஒழுகினப்புறம் காத்துப் பட்டா பறக்கறது பறந்துடும், மிச்சம் கெட்டியாகி வேற ஆளா ஆயிடும். ஆனா இவ்வளவுக்கும் நடுவுல ஒரு மரம் யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா, வாசனையை வெச்சு ஓரளவு சொல்லிடலாம்.”

தும்மல் சார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “சட்டையில இருந்த சுவடு?”

அம்மாள் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். பல் விழுந்த சீப்பு மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. “இது மேல் காடு. இந்த மேடுதான் ஆரஞ்சு மணம். இப்போ சட்டையைப் பாரு.”

சட்டையின் கோட்டில் அந்த இடத்தில் மேடே இல்லை. துளி தலைதூக்கி அப்படியே படுத்துவிட்டது.

“மேல் காட்டுப் பிசின் இல்ல!” என்று கத்தினார் தும்மல் சார். கத்திவிட்டு மூன்று முறை தும்மினார். “சொன்னேனா இல்லையா? கீழ்க் காட்டுப் பிசின்! தினமும் சரக்கு ஏத்தற இடம். அவன் சட்டையில அது இல்லாம இருந்தாத்தான் சந்தேகப்படணும்!”

அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நன்றாகவே இருந்தது. அம்மாள்கூட ஒரு நிமிஷம் அதைக் கெடுக்க மனமில்லாமல் நின்றார். பிறகு கெடுத்தார்.

“மேல் காட்டுப் பிசின் இல்ல. கீழ்க் காட்டுப் பிசினும் இல்ல. அது பிசினே இல்லப்பா.”

“என்னது?”

“உட்கார்ந்திருக்கற பங்குன்னு சொன்னேனே, ரோசனம்? அது அந்தச் சட்டையில பொட்டுக்கூட கிடையாது. வெறும் பறக்கற பங்கு. பாட்டில் எண்ணெய். யாரோ சட்டையில டர்பன்டைனை ஊத்தித் துடைச்சிருக்காங்க.”

தும்மல் சார் திரையருகே குனிந்து பார்த்தார்.

“யாரோ இல்ல,” என்றேன். “சட்டை வீட்டில இருந்தது. வீட்டில இருந்தது ஒருத்தி.”

“அதைத்தான் அரசு வக்கீலும் கோர்ட்ல சொன்னாரு,” என்றார் அம்மாள். “மேல் காட்டுப் பிசினை எண்ணெய் போட்டுக் கரைச்சு எடுத்துட்டு, தண்ணில கழுவினேன்னு அந்தப் பொண்ணு பொய் சொல்லியிருக்குன்னு. பிசின் அவ்ளோ சுத்தமா போயிருக்குமான்னு என்னைக் கேட்டாரு. சாதாரணமா போகாது, ஓரத்துல ஒரு மஞ்சள் வளையமாவது நிக்கும்னேன். போயிருக்கவே முடியாதுன்னு சத்தியம் பண்ணுவீங்களான்னாரு. எப்படிப்பா பண்ணுவேன்? உங்க வக்கீல் எழுந்து அந்த மஞ்சள் வளையத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவரு சும்மா உட்கார்ந்திருந்தாரு.”

தும்மல் சார் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அந்தப் பெண்ணுக்காகக் கிடைத்த ஒரே கயிற்றை இழுத்தால், அது அவள் புருஷன் கழுத்தில் இருந்தது. அவர் கையைப் பிசைந்தார். நானும் பிசையலாம் என்று பார்த்தேன். என் கை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் குழாய் இருந்தது. திறந்து விரல்களைத் தேய்த்தேன். போகவில்லை. சோப்பைப் போட்டேன். பிசின் வெளுத்துப்போய், இரண்டு விரலில் இருந்தது உள்ளங்கை பூரா பரவி, சோப்பே கையோடு ஒட்டிக்கொண்டது.

“விடுங்க, நாள் பூரா தேய்ச்சாலும் வராது,” என்று அம்மாள் சிரித்தார். “பைன் பிசின் தண்ணிக்கு மசியாது. எண்ணெய்க்குத்தான் மசியும். இந்த ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.”

“எனக்கும் தெரியும்,” என்றேன். “ஆனா குழாயைப் பார்த்தா கை தானா போகுது...”

நான் அப்படியே நின்றேன். தும்மல் சாரும் தலையைத் தூக்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“தண்ணில ஊறவச்சேன், போயிடுச்சு,” என்றார் அவர் மெதுவாக. தையல்காரியின் வாக்குமூலம்.

“அதைப் பொய்னுதானே எல்லாரும் சொன்னோம்?”

“ஊரே சொல்லிச்சு. இந்த ஊர்ல பொறந்தவங்களுக்குத் தெரியும், பிசின் தண்ணில போகாதுன்னு. அவ இந்த ஊர்ல பொறந்தவளா?”

“இல்ல. கல்யாணமாகி வந்தவ. அவ ஊர்ல ஒரு பைன்கூட கிடையாது. கீழே சமவெளி, எங்க பார்த்தாலும் வேல மரம்தான்.”

அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். “வேல மரத்துல வடியறதும் பிசின்தான். நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே பேர். ஆனா அது இது இல்ல. அது சர்க்கரை வகை. தண்ணில ஊறினா கொழகொழன்னு ஆகிக் கரைஞ்சு போயிடும். சுவடே இருக்காது.”

தும்மல் சார் கிளம்பிவிட்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “உன்னைப் பார்க்க வரணும்னு ரொம்ப நாளா...” என்று ஆரம்பித்தார். அங்கேயே தும்மல் வந்துவிட்டது. அவருக்கு எல்லாமே நேரம் பார்த்துத்தான் வரும்.

*

எங்கள் தெருவிலேயே இருக்கும் தன் வீட்டில் தையல்காரி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் புருஷன் போட்டுக்கொள்ள ஒரு புதுச் சட்டை. காலர் பாக்கி. ஜெயிலில் இளைத்திருப்பார் என்று தோள்பட்டையை உத்தேசமாகக் குறைத்திருந்தாள்.

“அந்தக் கறை எப்படி இருந்தது?” என்றார் தும்மல் சார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

“பிசின் சார்.”

“எப்படிப்பட்ட பிசின்?”

“பிசின்னா பிசின்தான். முதுகுப் பக்கம் கெட்டியா, கண்ணாடி மாதிரி. சின்ன வயசுல நாங்க மரத்துலேருந்து பிச்சு காகிதம் ஒட்டுவோமே, அது. ஊறவச்சதும் வழுவழுன்னு ஆச்சு. ரெண்டு கசக்கு, போயிடுச்சு.”

“வாசனை?”

“அதுக்கு ஏது சார் வாசனை?”

நான் என் கையை அவள் மூக்கருகில் நீட்டினேன். அவள் மோந்தாள். விரலைத் தொட்டுப் பார்த்து இழுத்துக்கொண்டாள். “இது இல்லக்கா. இது இங்கத்துப் பிசின்.” சொல்லி முடித்ததும் அவள் வாய் அப்படியே நின்றது. இத்தனை மாதமாக அவளும் போலீசும் வக்கீல்களும் ஒரே வார்த்தையைச் சொல்லி இரண்டு பொருளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்ப அவரு சொன்னது...”

“நிஜம்,” என்றார் தும்மல் சார். “ஆத்தோர ரோட்டுல வேல மரம் இருக்கு. அதுல சாஞ்சுதான் தூங்கியிருக்காரு. அவரு மேல் காட்டுக்குப் போகவே இல்ல.”

“இருந்தது,” என்று நான் திருத்தினேன். சொல்ல மனசில்லைதான். “ரோட்டை அகலப்படுத்தறோம்னு போன மாசம் எல்லாத்தையும் வெட்டிட்டாங்க.”

தையல்காரி காதில் அது ஏறவில்லை. மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கறைதான் தண்ணிலயே போயிடுச்சே,” என்றேன், கூடியவரை குரலைத் தணித்து. “அப்புறம் எதுக்கும்மா டர்பன்டைன் ஊத்தினே?”

அவள் பாதி தைத்த காலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மறுநாள் காலைல மேஸ்திரி செத்துக் கிடக்காருன்னு தெருவுல ஓடினாங்க. சுத்தி ஒரே பிசின்னாங்க. அடிச்சவன் சட்டையில இருக்கும்னாங்க. ரெண்டு நாள் முன்னாடிதான் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. இவரு முந்தின நாள் சாயங்காலம் வந்ததும் படுத்துட்டாரு. சட்டை சுத்தமாத்தான் காயுது. ஆனா கண்ணுக்குத் தெரியாம இருக்குமோன்னு... பாட்டிலை எடுத்து ஊத்திட்டேன்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நான் அவரை நம்பலை சார். அதான் ஊத்தினேன். அவருக்கு அது தெரிஞ்சுபோச்சு. அதான் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறாரு.”

ஒன்றுமே இல்லாத சட்டையில் பைனைக் கொண்டுவந்து ஊற்றியவள் அவளேதான்.

“இதைப் போலீஸ்ல ஏன் சொல்லலை?”

“வக்கீல் வேணாம்னுட்டாரு. பாட்டிலைப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னாரு.”

“வீட்டுல டர்பன்டைன் எதுக்கு வெச்சிருந்தீங்க?” என்றார் தும்மல் சார். “தையல் வேலைக்கு அது எதுக்கு?”

“எங்க வீட்டுது இல்ல சார். மேலாளர் கொடுத்தது.”

“எப்போ?”

“முந்தின நாள் சாயங்காலம். நான் வாசல்ல சட்டையை அலசிட்டிருந்தேன். அவரு அந்தப் பக்கமா நடந்து வந்தாரு. என்னம்மா கறைன்னாரு. பிசின் சார், போயிடுச்சுன்னேன். சட்டையைக்கூடப் பார்க்கலை. மூக்கை உறிஞ்சிட்டு, ‘இது மேல் காட்டுப் பிசினாச்சே, தண்ணில எங்க போகும்? கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்’னு சொன்னாரு. கொஞ்ச நேரத்துல ஒரு பாட்டில் அனுப்பினாரு. அவ்வளவு நல்ல...”

அவள் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. தும்மல் சார் ஒரு விரலைத் தூக்கியிருந்தார்.

“முந்தின நாள் சாயங்காலம். மேஸ்திரி செத்தது யாருக்கும் தெரியாது. பிணம் மேல் காட்டுல கிடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உங்க புருஷன் மேல் காட்டுப் பக்கமே போறவரில்ல. சட்டையில இருந்தது வாசனையே இல்லாத வேலம்பிசின், அதுவும் போயாச்சு. அப்போ மேல் காட்டு வாசனை மேலாளரோட மூக்குக்கு எங்கேருந்து வந்துச்சு?”

நான் என் கையைப் பார்த்தேன். ஆரஞ்சு மணம் இன்னும் இருந்தது.

“அவரு கையிலேருந்து,” என்றேன்.

மெஷினின் சக்கரம் தானாகக் கால் வட்டம் சுற்றி நின்றது. ஏன் கொன்றார், எங்களுக்குத் தெரியாது. மேஸ்திரியோடு அவருக்கு என்ன பகை, அதுவும் தெரியாது. கொன்றவர் யார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது, இந்த அறையில் மூன்று பேருக்கு.

“அப்ப கோர்ட்ல சொல்லிடலாமே சார்!” தையல்காரி எழுந்துவிட்டாள். “நாளைக்கே சொல்லிடலாமே!”

“சாட்சி விசாரணை முடிஞ்சிடுச்சும்மா. மறுபடி விசாரிக்கணும்னா மனு போடணும். வக்கீல்தான் போடணும்.”

“வக்கீல்தான் இருக்காரே...” என்று அவள் ஆரம்பித்தாள். யாருடைய வக்கீல் என்பது நினைவுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

“வேற வக்கீல் பிடிச்சாலும், அந்தப் பாட்டில்?” என்றேன்.

“கழுவி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துட்டேன்கா. அவரே ஆள் அனுப்பிக் கேட்டாரு.”

“மேல் காடுன்னு அவரு சொன்னதை வேற யாராவது கேட்டாங்களா?”

“தெருவுல யாருமே இல்ல. எல்லாரும் உள்ள இருந்தாங்க.”

என் தெருவில், என் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில், ஒரு கொலைகாரன் வாய் தவறிப் பேசியிருக்கிறான். எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தாலும் எட்டிப் பார்க்கிற நான், அந்த ஒரு சாயங்காலம் எங்கே போயிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

“ஆக, கழுவினது மனைவி, எண்ணெய் ஊத்தினது மனைவி, இப்போ சொல்றதும் மனைவி,” என்றார் தும்மல் சார். “சட்டையில ஒண்ணுமே இல்லைங்கறதுதான் அத்தாட்சி. இல்லாத ஒண்ணை எந்தக் கோர்ட்ல கொண்டுபோய்க் காட்டறது?”

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த ஹார்னை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மென்மையாக, ஒரே ஒரு தடவை அடிப்பார். தூங்குகிற குழந்தை எழக்கூடாது என்பதற்காக.

மேலாளர் உள்ளே வந்தார். செருப்பை வெளியே ஒழுங்காக விட்டிருந்தார். “காலைல வண்டி அனுப்பறேன்மா. வக்கீலும் நானும் நேரா அங்க வந்துடறோம். எதுவா இருந்தாலும் தைரியமா இருக்கணும்.” பிறகு எங்களைப் பார்த்தார். “அடடே, சாரும் இருக்காரா? நல்லது. ஆறுதலா இருக்கும்.”

தும்மல் சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தும்மினார். இன்னொரு தடவை தும்மினார். கொலைகாரன் எதிரே வந்து நிற்கிறான், இவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார். தும்மலைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிற கோர்ட் எங்கேயாவது இருந்தால் தேவலை.

மேலாளரின் பார்வை என் கைக்கு வந்தது. லேசாக மூக்கை உறிஞ்சினார்.

“மேல் காட்டுப் பிசினாச்சே,” என்றார். ஊருக்கே தெரிந்த அந்தச் சிரிப்பு. “அங்க எங்கம்மா போனீங்க?”

ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அந்த வாயிலிருந்து, “சும்மா, நடந்து பார்க்கலாம்னு...” என்று ஒன்று வந்தது.

“தண்ணில போகாது. இருங்க, வண்டில வெச்சிருக்கேன்.”

போய் எடுத்துக்கொண்டு வந்தார். மூடியை அவரே திறந்தார். பஞ்சில் நனைத்து என்னிடம் நீட்டினார். தையல்காரி என்னைப் பார்த்தாள். தும்மல் சார் தரையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டேன். “தேங்க்ஸ் சார்” என்றும் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

தேய்க்கத் தேய்க்க விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. அவர் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கடைசி விரல் வரை.

“பார்த்தீங்களா,” என்றார். “சுவடே இல்ல.”